அமானிதமாகிய உடலும் ஐவேளை ஒழுங்கும்

(ரமளானை எதிர்நோக்கி நடைபெற்ற நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அல்லாஹ்வின் திருநாமத்தைப் போற்றித் தொடங்குகின்றோம். படைத்துப் பரிபாலிக்கும் அவனுக்கே புகழனைத்தும் உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!

 

ஆண்டறிக்கையைச் செயலாளர் அவர்கள் வாசிக்க, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் ஒப்புவிக்க, நாம் அனைவரும் கேட்டோம். சந்தா எவ்வளவு வந்தது, மின்கட்டணத்திற்கு எவ்வளவு சென்றது, மையவாடிப் பராமரிப்புக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதெல்லாம் காசு பிசகாமல் கூறப்பட்டன. அல்ஹம்துலில்லாஹ்! பொதுச் சொத்தில் இத்துணைக் கவனம் செலுத்தும் ஜமாஅத்தாரிடம், எந்த அறிக்கையிலும் இடம்பெறாத மற்றொரு சொத்தின் கணக்கை இன்று கேட்க விரும்புகின்றோம். அல்லாஹ் நம் ஒவ்வொருவரிடமும் ஒப்படைத்திருக்கும் உடல் என்னும் சொத்தே அது.

நம் பள்ளிவாசலின் ஸஃப்புகளைச் சற்றே திரும்பிப் பாருங்கள். ஓரத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருக்கின்றன. ஸுஜூது செய்ய இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் மார்க்கம் வழங்கியுள்ள சலுகை அது. அதில் அமர்வோரை எவரும் குறைகூறலாகாது. ஆயினும் அந்த நாற்காலி வரிசை ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே வருகின்றது; அதில் அமர்வோரின் வயதோ குறைந்துகொண்டே வருகின்றது. எண்பது வயதுப் பெரியவர் நிமிர்ந்து நின்று தொழுகின்றார். அவருடைய மகன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியைத் தேடுகின்றார். இது ஏன் என்று நாம் சிந்திக்க வேண்டாமா?

உடல் நலம், ஓய்வு நேரம் ஆகிய இரண்டு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பலர் நஷ்டமடைந்து விடுகின்றனர் என்னும் கருத்தை நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. அங்கே நஷ்டமடைந்தவரைக் குறிக்க வந்திருக்கும் அரபுச் சொல், வியாபாரத்தில் ஏமாந்து விலை குறைத்து விற்றுவிட்டவனைக் குறிக்கும் சொல்லாகும். கடைவீதியில் ஒரு ரூபாய் குறைத்துக் கேட்டால் விடமாட்டோம். ஆனால் நாற்பது ஆண்டுகள் உழைக்க வேண்டிய கால்களையும் கண்களையும் சிறுநீரகத்தையும் நாவின் ருசிக்கும் சோம்பலுக்கும் அடிமாட்டு விலைக்கு விற்றுவிடுகின்றோம்.

அஜல் எழுதப்பட்டிருக்க, முயற்சி எதற்கு?

"ஆயுள் அல்லாஹ் எழுதியபடிதானே! நடந்தால் கூடுமா, உட்கார்ந்தால் குறையுமா?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அஜல் குறிக்கப்பட்டது என்பது நம் ஈமானின் பகுதி, அதில் ஐயமில்லை. எனினும் இக்கேள்விக்கு ஸஹாபாப் பெருமக்களின் காலத்திலேயே விடை கூறப்பட்டுவிட்டது. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா விரண்டோடுகின்றீர் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கின்றோம் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒருபுறம் புல் செழித்தும் மறுபுறம் வறண்டும் இருந்தால், ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்க்கின்றோம் அன்றோ என்றும் விளக்கினார்கள். செழிப்பான பக்கத்தைத் தேர்ந்து மேய்ப்பதே மேய்ப்பவனின் கடமை.

நீண்ட ஆயுளும் நற்செயலும் வாய்க்கப்பெற்றவரே மனிதர்களில் சிறந்தவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததைத் திர்மிதீயில் காண்கின்றோம். ஆகவே, நலமாக நெடுநாள் வாழ விரும்புவது உலக ஆசை ஆகிவிடாது. அமல்களைப் பெருக்கிக்கொள்ள அவகாசம் கேட்பதேயாகும்.

கரையானைப் போன்ற நோய்

2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலை நம் பகுதியார் மறந்திருக்க முடியாது. முந்திரியும் பலாவும் தென்னையும் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. அப்படி வரும் இழப்பை எல்லோரும் காண்கின்றனர்; நிவாரணத்திற்கு ஓடுகின்றனர். ஆனால் இன்று நம் குடும்பங்களைச் சாய்க்கும் நோய்கள் புயலைப் போல் வருவதில்லை; கரையானைப் போல் வருகின்றன. வெளியே பட்டை பச்சையாகவே தெரியும். உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் அத்தகையவை. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒருநாள் பாதத்தில் புண் ஆறாது. ஒருநாள் கண் மங்கும். ஒருநாள் ஒரு பக்கம் கை கால் விழும். அன்றுதான் வீட்டார் விழித்துக்கொள்கின்றனர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து, 2008 முதல் 2020 வரை நாடெங்கும் 1,13,000க்கும் மேற்பட்டோரை நேரில் பரிசோதித்து நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. அதன்படி இந்நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு. அதன் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் அதிகம். வயது வந்தோரில் நூற்றுக்கு 35 பேருக்கு இரத்தக் கொதிப்பு. நாட்டின் சராசரியைவிடத் தமிழ்நாட்டின் நீரிழிவு விகிதம் கூடுதல் என்பதும் அதில் தெரியவந்தது. இந்நூற்றுக் கணக்கில் நம் மஹல்லா மட்டும் விலக்குப் பெற்றிருக்குமா?

சென்னையில் கண்ட உண்மை

வாயிலில் நிற்போர் என்று கூறினோம் அல்லவா? அவர்கள் திரும்பி வர முடியுமா என்பதே முக்கியமான கேள்வி. இதற்கு விடை காண டாக்டர் ஏ. இராமச்சந்திரன் அவர்களின் தலைமையில் சென்னையில் ஓர் ஆய்வு நடந்தது. 2006இல் அதன் முடிவு வெளியாயிற்று. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைத் தேர்ந்து நான்கு பிரிவுகளாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். ஒரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம். ஒரு பிரிவினருக்கு மாத்திரை. மற்றொரு பிரிவினருக்கு இரண்டும். மூன்றாண்டில், முதற்பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளிகள் ஆயினர். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட பிரிவிலோ அது 39 ஆகக் குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடமும் ஏறத்தாழ அதே அளவே குறைந்தது. இரண்டையும் சேர்த்தபோதும் அதைவிடக் கூடுதலாகக் குறையவில்லை.

அவர்கள் செய்துகொண்ட மாற்றம் என்ன? நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் நடப்பது, சீனியைத் தவிர்ப்பது, தீட்டிய அரிசி, மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்துள்ள காய்கறி, பருப்பு வகைகளைக் கூட்டுவது. இவ்வளவே! காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இதில் ஒன்றுமில்லை. நம்மைப் போன்றே சோறும் குழம்பும் உண்ணும் தமிழ் மக்களிடமே இது மெய்ப்பிக்கப்பட்டிருக்கின்றது.

ஆயின் ஏன் நம்மால் இயலவில்லை? புத்தாண்டுத் தீர்மானம் போல் பத்து நாள் ஓடுகின்றோம். பதினோராம் நாள் படுத்துவிடுகின்றோம். குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுகின்றார்கள். தொடர்ச்சிக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். அவ்வொழுங்கை மற்றச் சமுதாயத்தார் தேடித் திரிகின்றனர். நமக்கோ பாங்கோசை வடிவில் நாள்தோறும் ஐந்து முறை அது தேடி வருகின்றது. இந்த ஐந்து ஆணிகளிலும் ஒவ்வொரு நல்வழக்கத்தை மாட்டிவிடுவோமானால், அது நழுவி விழாது. இதுவே இன்று நாம் கூற விரும்பும் செய்தி.

சுப்ஹு: நடை

பனூ ஸலிமா கூட்டத்தார் தம் வீடுகள் பள்ளியை விட்டுத் தொலைவில் இருப்பதால் அருகே குடிபெயர நாடியபோது, இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்னும் கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நாமோ இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் வருகின்றோம். அதையும் செருப்பு கழற்றும் படிக்கட்டு வரை ஓட்டி வருகின்றோம்! நோயும் அவசரமும் இல்லாதோர் சுப்ஹுக்கு நடந்தே வருவது என்று வைத்துக்கொள்வோம். தொழுகை முடிந்தபின் உடனே படுக்கைக்குத் திரும்பாமல், வெயில் ஏறுமுன் அரைமணி நேரம் நடப்போம். வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நேரம் நடந்தால் அக்கணக்கு நிறைவேறிவிடும். பேசிக்கொண்டே நடக்க இயலவேண்டும், பாட இயலக்கூடாது. அதுவே சரியான வேகம்.

தஞ்சாவூர் - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் விடியற்காலையில் வாகனங்கள் விரைந்து வருகின்றன. ஆகவே அச்சாலையைத் தவிர்த்து உட்தெருக்களிலும் திடலிலும் நடப்பதே பாதுகாப்பு. பிறர் நம்மைக் காணும்படி வெண்ணிற ஆடை அணிந்து செல்லுங்கள்.

லுஹர்: வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு

மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது வேறில்லை; முதுகை நிமிர்த்த உதவும் சில கவளங்களே போதும்; இயலாவிடில் உணவுக்கு ஒரு பங்கு, நீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக்கொள்ளவேண்டும் என்பது நபிமொழியின் கருத்து. நம் பகல் உணவில் முக்காற்பங்கு வெள்ளைச் சோறு. கறியோ காய்கறியோ ஓரத்தில் ஒதுங்கியிருக்கும். இந்தியர் உண்ணும் உணவின் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகின்றது என்று மேற்சொன்ன ஆராய்ச்சியாளர்களே 2025இல் வெளியிட்டனர். தட்டில் பாதி காய்கறி, கீரை. கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் அல்லது கறி என்று மாற்றிக்கொள்வோம். நம் மூதாதையர் இந்த வானம் பார்த்த பூமியில் வரகும் கேழ்வரகும் கம்பும் விளைவித்து உண்டவர்கள். அவற்றை மீண்டும் அடுக்களைக்குக் கொண்டுவரலாம். ஆனால் கேழ்வரகாயினும் அளவின்றி உண்டால் சர்க்கரை ஏறவே செய்யும். அளவே மருந்து, தானியத்தின் பெயரன்று.

நோயாளிக்குப் பத்தியம் கூறுவது நவீன மருத்துவர்களின் கண்டுபிடிப்பு என்று எண்ணவேண்டாம். உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் இல்லத்தில் பேரீச்சங்குலைகள் தொங்கிக்கொண்டிருந்தன. நாயகம் (ஸல்) அவர்கள் அதிலிருந்து உண்ணத் தொடங்க, நோயிலிருந்து அண்மையில் எழுந்திருந்த அலீ (ரலி) அவர்களும் உண்ண முற்பட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மருமகனாரைத் தடுத்து நிறுத்தினார்கள். பின்னர் வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்து வைக்கப்பட்டபோது, இதனை உண்ணும், இதுவே உமக்கு ஏற்றது என்னும் பொருள்படக் கூறினார்கள். பேரீச்சை பரக்கத் நிறைந்த கனி. எனினும் நோயின் நிலையில் அதற்கும் வரம்பு இருந்தது. ஆகவே, "சுன்னத்தான உணவுதானே" என்று நீரிழிவு உள்ளோர் பேரீச்சம்பழத்தையும் தேனையும் கணக்கின்றி உண்பதற்குச் சுன்னத்திலேயே ஆதாரமில்லை.

அஸர்: தேநீரும் புகையும்

அஸருக்குப்பின் தேநீர்க் கடை நம் வழக்கம். நாளொன்றுக்கு ஆறு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டிச் சீனி என்றால் பன்னிரண்டு கரண்டி ஆகின்றது. நாள் முழுவதற்கும் ஏறத்தாழ ஆறு கரண்டிக்குள், அதாவது 25 கிராமுக்குள், நிறுத்துவது நலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் தேனும் இக்கணக்கில் அடங்கியவையே. முதல் மாதம் கரண்டியைப் பாதியாக்குங்கள், நாக்கு பழகிவிடும். உப்போ நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மிகாதிருக்கவேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்திருப்பதும் உப்பே.

தேநீரோடு சேர்த்துப் பற்றவைக்கப்படும் பீடி, சிகரெட்டைப் பற்றி நீட்டிப் பேசவேண்டியதில்லை. அது பணத்தைக் கொளுத்துவதோடு நுரையீரலையும் கொளுத்துகின்றது. ஆனால் "நாங்கள் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்போர் ஒன்றை அறியவேண்டும். புகையிலை கலவாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்துள்ளது. மிஸ்வாக்கினால் தூய்மை பெறவேண்டிய வாய் அது என்பதை நினைவில் நிறுத்துவோம்.

மஃரிப்: உறவு

வாழ்வாதாரம் விரிவடையவும் ஆயுள் நீளவும் விரும்புவோர் உறவைப் பேணிக்கொள்ளட்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அமெரிக்க நாட்டின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 1938இல் தொடங்கி, தலைமுறைகளைத் தாண்டி நடத்திவரும் ஆய்வொன்று உண்டு. நல்லுறவுகளோடு வாழ்வோர் முதுமையில் கூடுதல் நலத்தோடும் மகிழ்வோடும் வாழ்கின்றனர் என்பதே அதன் முதன்மையான முடிவு. மஃரிபுக்குப்பின் தொலைக்காட்சிக்கும் கைப்பேசிக்கும் கொடுக்கும் நேரத்தில் ஒரு பகுதியை, தனித்திருக்கும் மாமிக்கும் பெரியத்தாவுக்கும் நோயுற்ற அண்டை வீட்டாருக்கும் கொடுப்போம். சபுரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புகின்றனர், வாசலில் வந்து "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பதற்கு இங்குள்ள நாம்தாம் இருக்கின்றோம்.

இஷா: உறக்கம்

இஷாவுக்கு முன் உறங்குவதையும் இஷாவுக்குப்பின் வீண்பேச்சில் ஈடுபடுவதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. இன்று நம் இளைஞர்களுக்கு இஷாவுக்குப் பின்தான் பொழுதே விடிகின்றது! பதினொரு மணிக்குப் பரோட்டா. ஒரு மணி வரை கைப்பேசி. பின்னர் சுப்ஹு எவ்வாறு கிட்டும்? இரவு உணவை இஷாவை ஒட்டியே முடித்துவிடுவோம். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தால் பசியும் இரத்த அழுத்தமும் கூடுகின்றன. கைப்பேசியைப் படுக்கை அறைக்கு வெளியே உறங்க வைத்தால், நாம் உள்ளே உறங்கலாம்.

தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும்

இதுவரை கூறியவற்றில் நடையைக் கேட்டவுடன், "அது ஆண்களுக்கு" என்று திரைக்கு அப்பால் இருப்போர் எண்ணியிருக்கலாம். "வீட்டு வேலையே போதாதா?" என்று திரைக்கு இப்பால் இருப்போரும் எண்ணியிருக்கலாம். அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் அது போதுமானதாக இருந்தது. இன்று மிக்ஸியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் அவ்வேலைகளைச் செய்கின்றன. நோய் மட்டும் ஆண் பெண் பாராமல் வருகின்றது. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு பயணத்தில் ஓட்டப் பந்தயம் ஓடியதும், முதலில் அன்னையார் வென்றதும், பின்னொரு முறை பெருமானார் வென்றதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. பேணுதலான உடையோடு ஒரு பெண் அரைமணி நேரம் நடப்பதற்கு இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நம் புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இவ்விஷயத்தில் ஒரு வரலாறே உண்டு. 1991-92ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கம் இங்கு நடைபெற்றபோது, அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் முயற்சியால் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலும் கற்பிக்கப்பட்டது. கிராமத்துப் பெண்கள் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றுக்கொண்டனர். 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டை நகரில் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் வந்தனர். கட்டுப்பாடு மிக்க முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அவ்வியக்கத்தில் இருந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் அவர்கள் நேரில் கண்டு எழுதினார். தொடக்கத்தில் ஏளனம் எழுந்தது. பின்னர் அது அடங்கிற்று. காரணம், ஒருத்தி தனியே ஓட்டினால் பேச்சாகிறது. ஊரே ஓட்டினால் வழக்கமாகிறது. இந்த உண்மையை நம் ஜமாஅத்தார் ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றோம். ஒரு தாய் தனியே நடக்கக் கூசுவாள்; பத்துத் தாய்மார்கள் சேர்ந்து நடந்தால் கூச்சமேது?

ரமளானும் நோயாளிகளும்

ரமளான் நெருங்கிவிட்டது. ஆகவே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டென்று திருமறை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ்வே அறிவித்துவிட்டான். அச்சலுகையைக் கேவலமென்று கருதி, இன்சுலின் போட்டுக்கொள்வோரும் சிறுநீரகம் பழுதுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்பது பக்தியாகாது. தலையில் காயம்பட்டிருந்த ஒரு ஸஹாபிக்குக் குளிப்புக் கடமையானபோது, சலுகை இல்லை என்று உடனிருந்தோர் அறியாமல் தீர்ப்பளிக்க, அவர் குளித்து இறந்துபோனார். நாயகம் (ஸல்) அவர்கள் கடும் வருத்தமுற்று, அவரைக் கொன்றுவிட்டனர் என்று கண்டித்ததோடு, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்னும் பாடத்தையும் நமக்கு விட்டுச் சென்றார்கள். இது ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி. "நோன்பை விடாதே, அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நோயாளியிடம் எளிதாகக் கூறிவிடுவோர் இச்சம்பவத்தை அஞ்சிக்கொள்ளட்டும்.

ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோற்கலாமா, மாத்திரையின் நேரத்தையும் அளவையும் எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிய வேண்டும். நோன்பு நேரத்தில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை உடனே முறித்துவிட வேண்டுமென்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டுதல். வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றினால் மஃரிபு வரை காத்திருக்கலாகாது. விட்ட நோன்பைப் பின்னர் களாச் செய்யலாம். நிரந்தர நோயாளிக்குப் பித்யா உண்டு. உயிருக்குக் களா இல்லை.

நலமாக இருப்போருக்கும் ஒரு சொல். பகலெல்லாம் பட்டினி கிடந்து, நோன்பு திறந்தவுடன் வடை, சமோசா, பஜ்ஜி, சர்பத் என்று வயிற்றை நிரப்பிவிட்டுத் தராவீஹில் மூச்சு வாங்குவது நோன்பின் நோக்கத்தையே தோற்கடிப்பதாகும். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி இவையே போதுமானவை.

ஜமாஅத் செய்யவேண்டியவை

தனிமனிதன் தடுமாறும் இடத்தில் தாங்கிப் பிடிப்பதற்கே ஜமாஅத் இருக்கின்றது. ஆகவே நிர்வாகப் பெருமக்களின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில், அரசு மருத்துவத் துறையினரின் துணையோடு, முப்பது வயது கடந்த ஜமாஅத்தார் அனைவருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை நடத்தவேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 126க்கு மேலோ, இரத்த அழுத்தம் 140க்கு 90 என்பதற்கு மேலோ காணப்படுவோர் மறுபரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் செல்வதை உறுதி செய்யவேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வாயிலாக, இந்நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே கொண்டுவரப்பட்டன. வாசலுக்கு வந்த மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்திவிட்டவர்கள் எத்தனை பேர்! மாத்திரை உண்பதால்தான் நன்றாக இருக்கின்றது என்பதை அவர்களுக்கு எடுத்துரைக்கவேண்டும். விடுப்பில் வரும் சபுராளிகளையும் இப்பரிசோதனைக்கு அழைத்துவருவது வீட்டாரின் பொறுப்பு.

இரண்டாவது, அஸருக்குப்பின் ஒரு மணி நேரம் மதரஸா வளாகத்தைப் பெண்கள் நடைப்பயிற்சிக்கென ஒதுக்கித் தரவேண்டும். அந்நேரத்தில் ஆண்கள் எவரும் அங்குச் செல்லாதிருக்கும் பொறுப்பை நிர்வாகம் ஏற்கவேண்டும்.

மூன்றாவது, நிக்காஹ், வலீமா விருந்துகளில் காய்கறியும் பழமும் கட்டாயம் இடம்பெறவும், இரண்டு மூன்று இனிப்புகள் ஒன்றாகக் குறையவும் ஜமாஅத் ஒரு முறையை வகுக்கவேண்டும். விருந்தாளி "போதும்" என்றபின் மேலும் ஒரு கரண்டி வைப்பதே உபசாரம் என்னும் வழக்கம் ஒழியவேண்டும்.

நான்காவது, நோயை மறைக்கும் வழக்கம் நீங்கவேண்டும். மகளுக்கு வரன் தட்டிவிடும் என்று அஞ்சித் தாய் தன் சர்க்கரை நோயை மறைக்கின்றாள். வேலை போய்விடும் என்று மகன் மறைக்கின்றான். மறைக்கப்பட்ட நோய்க்கு மருந்து இல்லை. மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் நிவாரணத்தை இறக்கியே இருக்கின்றான் என்பது நபிமொழியின் கருத்து. சிகிச்சை பெறுவோரை இழிவாகப் பேசுவதைத்தான் நாம் வெட்கமாகக் கருதவேண்டும்.

அருமைச் சகோதரர்களே! இவை அனைத்தையும் நாளை காலையிலேயே செய்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. ஐந்து வேளைகளில் ஒரு வேளையைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வழக்கத்தை மாட்டுங்கள். நாற்பது நாள் தொடருங்கள். பின்னர் அடுத்ததை மாட்டுங்கள். அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் பொருளாளர் அவர்கள் பள்ளியின் கணக்கை வாசிக்கும்போது, நம் உடலின் கணக்கையும் நாம் மனத்திற்குள் வாசித்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் செவியிலும் பார்வையிலும் உடலிலும் ஆஃபியத்தைத் தந்தருள்வாயாக! எங்கள் ஊர் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்குவாயாக! எங்கள் நெற்றி தரையில் படும் பாக்கியத்தை இறுதி நாள் வரை எங்களிடமிருந்து பறித்துவிடாதிருப்பாயாக! நீண்ட ஆயுளையும் அதனை நிறைக்கும் நல்லமல்களையும் எங்களுக்கும் எங்கள் சந்ததியினருக்கும் அருள்வாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.